ஐம்பது வருடங்களாக ஒரே மொறிஸ் மைனர்: ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் மொறிஸ் மைனர் 1955ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்டது. 1961இல் ஐயா அதை இரண்டாம் கையாக வாங்கினார். எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த 1974இல் அதன் திறப்பு என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நான் வேறு கார் வாங்கவில்லை. வாங்குவதற்கு வசதி இல்லாத காலம் இருந்தது. வசதி இருந்தும் விருப்பம் இல்லாத காலம் இருந்தது. இரண்டும் இருந்தும் நாட்டில் கார் கிடைக்காத காலமும் இருந்தது. அண்மைக்காலமாக ஊரிலும் வெளிநாட்டிலும் உள்ள இளையவர்கள் பலர், பழைய மைனர் ஒன்றை வாங்கி வைத்திருக்கலாமா என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதிலும் பார்க்க, இத்தனை வருடப் பாவனையில் நான் கண்ட நல்லதையும் கெட்டதையும் ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லதென்று நினைத்தேன்.

முதலில் எது என்னுடைய கார் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மைனர் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வண்டிகள் இருக்கின்றன. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த முதல் மைனருக்கு 918 கன சென்ரிமீற்றர் கொண்ட பழைய பாணி இயந்திரம் இருந்தது. ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் 1952இல் ஒன்றாகிய பின்னர், ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைப் பொருத்தி இரண்டாம் தொடரை வெளியிட்டார்கள். 1956இல் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்துடன் மைனர் 1000 வந்தது. 1962இல் அது 1098 ஆயிற்று. என்னுடையது இரண்டாம் தொடரைச் சேர்ந்த நான்கு கதவுக் கார். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருக்கும். வேகமானி சாரதிக்கு நேரே இல்லாமல் முகப்புப் பலகையின் நடுவில் இருப்பதால், நான் எத்தனை மைல் வேகத்தில் போகிறேன் என்பதை என் மனைவியும் பார்த்துக்கொண்டே வருவார். இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள் உள்ளன. சிங்கள ஸ்ரீ எழுத்துடன் தகடுகள் 1957இல் அறிமுகமாகி, அதற்கு எதிராகத் தமிழரசுக் கட்சி இயக்கம் நடத்திய காலத்துக்குச் சற்று முந்திய பதிவு இது. யாழ்ப்பாணத்தில் பழைய கார் பார்க்க வருபவர்களில் வயதானவர்கள் முதலில் தகட்டைப் பார்ப்பதும், இளையவர்கள் பொனற்றைத் திறக்கச் சொல்வதும் எனக்குப் பழகிப்போன காட்சி.

இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினியை உருவாக்கியவரும் அவரே. மாதிரிக் கார் செய்து முடிந்த பின்னர் அது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியதாம். நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினால் சரியாக இருக்கும் என்று முடிவு செய்தார். பொனற்றின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் பட்டையான மேடு அந்த நான்கு அங்குலத்தின் தடம்தான். என் காரைக் கழுவும்போது அந்த மேட்டில் துணி ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வரும். நிறுவனத் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் கார் துளியும் பிடிக்கவில்லை. ஓடு நீக்கி வெந்நீரில் அவித்த முட்டை போல இருக்கிறது என்று இகழ்ந்தார். அந்த முட்டைதான் பத்து இலட்சம் விற்பனையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார். உற்பத்தி 1971இல் நின்றபோது மொத்த எண்ணிக்கை பதினாறு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

ஓட்டத்தைப் பொறுத்தவரையில், மைனரின் மிகப் பெரிய சிறப்பு அதன் ஸ்ரியறிங் என்பதே என் முடிவு. பல்லும் பல்சட்டமும் கொண்ட அமைப்பு அந்தக் காலத்துச் சிறிய கார்களில் அரிதாக இருந்தது. சம காலத்து வேறு கார்களை ஓட்டிய நண்பர்கள், வளையத்தை விரற்கடை அளவு திருப்பிய பின்னரே சில்லு திரும்பத் தொடங்கும் என்று குறைப்பட்டுக்கொள்வார்கள். மைனரில் கை அசைந்தால் சில்லு அசையும். சுமார் முப்பத்துமூன்று அடி விட்டத்துக்குள் முழு வட்டம் திரும்பிவிடும். எங்கள் ஊரின் ஒழுங்கைகளைத் தெரிந்தவர்களுக்கு இதன் பெறுமதி விளங்கும். இரு பக்கமும் கிடுகு வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும் அகலம், முடக்கில் ஒரு பூவரசு. அந்த முடக்கை நான் ஐம்பது வருடங்களாக ஒரே தடவையில் திருப்பி வருகிறேன். மருமகனின் ஜப்பானியக் கார் இரண்டு தடவை முன்னும் பின்னும் போய்த்தான் திரும்புகிறது.

அதே அளவு மனமுவந்து வேகத்தைப் புகழ முடியாது. முதலில் இருந்த 803 இயந்திரத்தின் வலு முப்பது குதிரை வலுதான். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு எதிர்க்காற்றில் பண்ணைப் பாலத்தின் மேல் போகும்போது மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டி வரும். முதலாம் கியரில், பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் ஒத்திசைவு வளையம் இல்லை. வண்டி முழுமையாக நின்ற பின்னரே அதைப் போட வேண்டும், அல்லது இரட்டைக் கிளச் மிதிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் போட்டால் கியர்ப் பெட்டி அரைக்கும் சத்தம் அடுத்த வளவுக்குக் கேட்கும். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை, ஆனால் இன்றைய கார் ஓட்டிப் பழகியவர் வாங்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆசனங்கள் நீண்ட பயணத்துக்குச் சுமார். பின் ஆசனத்தில் மூன்று பேர் இருக்கலாம், மூவரும் ஒல்லியாக இருந்தால்.

மைனரின் உண்மையான குறை பிறேக். நான்கு சில்லுக்கும் டிரம் பிறேக். என் காரின் டிரம்மின் விட்டம் ஏழு அங்குலம். 1962இற்குப் பின் வந்தவற்றில் முன் டிரம் எட்டு அங்குலமாகியது. உதவி வலு எதுவும் கிடையாது. காலின் பலமே பிறேக்கின் பலம். நான்கு சில்லுக்கும் ஒரே திரவச் சுற்று என்பதால் ஒரு மூலையில் கசிந்தாலும் மிதி தரைவரை போய்விடும். எல்லாவற்றிலும் மோசமானது பிரதான சிலிண்டரை வைத்திருக்கும் இடம். சாரதியின் காலடியில், கம்பளத்தை நீக்கி ஒரு சிறிய மூடியைத் திறந்தால்தான் திரவம் ஊற்றும் வாய் தெரியும். சிலிண்டர் அதற்குக் கீழே அடிச்சட்டத்தின் உள்ளே இருக்கிறது. அதைக் கழற்றும் போல்ற்றுகளின் குறுக்கே, முன்சில்லுக்கு வில்லாக வேலை செய்யும் முறுக்குக் கம்பி ஓடுகிறது. கம்பியைத் தளர்த்தி இறக்காமல் போல்ற் வெளியே வராது. பிறேக் திருத்தப் போய் முன்சில்லின் தாங்கமைப்பைக் குலைக்க வேண்டிய கட்டாயத்தை இசிகோனிஸ் போன்ற ஒரு மேதை ஏன் வைத்தார் என்பது எனக்கு இன்றும் விளங்காத விடயம். கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் பலரும் திரவத்தின் அளவைப் பார்ப்பதே இல்லை. நான் ஞாயிறு தோறும் காலையில், கோயிலுக்குப் போவதற்கு முன், கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பேன்.

இனி இந்தக் கார் எங்கள் மண்ணில் எப்படித் தாக்குப் பிடித்தது என்ற விடயத்துக்கு வருகிறேன். 1990இல் போரினால் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட பின்னர், பெற்றோல் என்பது போத்தலில் அளந்து, கறுப்புச் சந்தையில், நம்ப முடியாத விலைக்கு விற்கும் பொருளாகிவிட்டது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடியவை பெரும்பாலும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் போன்ற கிழட்டு வண்டிகளே. அதற்குக் காரணம் இருந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. அழுத்த விகிதம் கூடிய இயந்திரத்தில் நேரம் தப்பி வெடித்துப் பிஸ்ரனை அடிக்கும். என்னுடைய 803 இயந்திரத்தின் அழுத்த விகிதம் 7.2 மட்டுமே. அத்துடன் இந்த இயந்திரத்தில் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் தலையின் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புகைக்குழாயின் சூடு கலவைக் குழாயைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெயும் ஆவியாகும். குளிர்நாட்டுப் பனிக்காலைக்காகச் செய்த ஏற்பாடு எங்கள் வெயிலில் வேறொரு தேவைக்குப் பயன்பட்டது.

செய்முறை இதுதான். பொனற்றின் கீழ், அந்தக் கலவையைச் செய்யும் காபுரேற்றருக்கு மேலே, வைத்தியசாலையில் சேலைன் ஏற்றும் போத்தல் ஒன்றைக் கம்பியால் கட்டி, அதில் கால் போத்தல் பெற்றோல் விட்டு வைத்திருப்பேன். சேலைன் குழாயின் உருளைத் திருகே அதற்கு வால்வு. காலையில் பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி, றேடியேற்றர் கையால் தொட முடியாத சூட்டுக்கு வரும்வரை ஓடவிட்டு, பின்னர் திருகை மூடி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். காபுரேற்றரின் அடியில் உள்ள திருகை இறக்கிக் கலவையைச் சற்றுக் கனமாக்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு வருவதற்குச் சில நூறு யார் முன்பாக மறுபடி பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். மறந்தால் மறுநாள் காலையில் காபுரேற்றரின் கிண்ணத்தில் தேங்கிய மண்ணெண்ணெயைக் கழற்றி ஊற்றாமல் வண்டி எழும்பாது. பின்னால் போகும் வெள்ளைப் புகையும் அந்த மணமும் அக்காலத்தில் வாழ்ந்த எவருக்கும் மறக்காது.

இதற்கு இயந்திரம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலில் கலக்கும். வழக்கமாக ஓட ஓட ஒயில் குறையும்; அந்த வருடங்களில் ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்தால் மட்டம் ஏறியிருக்கும். முதற்தடவை கண்டபோது நான் மகிழ்ந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்த பின்னர்தான், அது ஒயிலின் வழுவழுப்பு இல்லாத தண்ணீர் என்று தெரிந்தது. அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டும். ஆனால் ஒயிலும் கிடைக்காது. பழைய ஒயிலைத் துணியில் வடித்து, சட்டியில் சூடாக்கி, கலந்த மண்ணெண்ணெயை ஆவியாக்கி, திரும்ப ஊற்றினோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அம்மாவையும் இரண்டு அயலவரையும் ஏற்றிக்கொண்டு, நடப்பவர்களின் வேகத்தில், பெரும்பாலும் இயந்திரத்தை நிறுத்தித் தள்ளியபடியே தென்மராட்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாவகச்சேரியில் ஒரு மாமரத்தின் கீழ் அரை வருடம் நின்ற பின்னர், 1996இல் வீடு திரும்பியபோது இயந்திரத்தின் அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. 1997இல் திறந்து பார்த்தோம். வளைதண்டின் பெயரிங்குகள் செம்பு தெரியத் தேய்ந்திருந்தன. ஓட்டம் நின்று கிடந்த ஒரு மைனர் 1000இன் 948 இயந்திரத்தையும் கியர்ப் பெட்டியையும் வாங்கி மாற்றினேன். 803, 948 இரண்டும் ஒரே குடும்பத்து இயந்திரம் என்பதால் அதிகம் வெட்டிக் கொத்தாமல் உட்கார்ந்துவிட்டன. மூல இயந்திரத்தை மாற்றிவிட்டதால் காரின் பெறுமதி குறைந்துவிட்டது என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் எனக்கு விளக்கினார். அந்த 803 இயந்திரம் இப்போதும் என் கொட்டிலில் சாக்குப் போர்த்தி இருக்கிறது; விரும்பினால் அவர் வந்து பார்க்கலாம்.

வாங்க விரும்புபவர் எல்லாவற்றுக்கும் முதலாகப் பார்க்க வேண்டிய இடம் முன்சில்லின் தாங்கமைப்பு. சில்லைத் தாங்கித் திருப்பும் நிலைத்தண்டின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் திருகு மரை வெட்டியிருக்கும். அவை மரை கொண்ட பிடிகளுக்குள் ஏறி இறங்கித் திரும்பும். எங்கள் மெக்கானிக்குகள் இதை ட்றனியன் என்பார்கள். ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை இரண்டு முனைக்கும் கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மழைநீரும் செம்மண்ணும் உள்ளே போய் மரையைத் தின்றுவிடும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் தண்டு பிடியிலிருந்து கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்துவிடும். எனக்கு அது நடந்தது 1983இல், கோண்டாவில் பக்கம், ஒரு முடக்கில் மெதுவாகத் திரும்பும்போது. வேகமாகப் போகும்போது நடந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். என்னைப் பார்க்க வந்த மெக்கானிக் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், இது தானா முறியேல்லை, நீங்கள் கிறீஸ் அடிக்கேல்லை" என்றார். அன்று முதல் முகப்புப் பலகையின் சிறு அறைக்குள் ஒரு கொப்பி இருக்கிறது. மைல் கணக்கும் கிறீஸ் அடித்த திகதியும் தவிர அதில் வேறு எதுவும் எழுதுவதில்லை. இப்போது ஓடுவது நான்காவது கொப்பி.

கழன்று விழுவதற்கு முன் அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. முன்சில்லை ஜக் வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும்; பின்னர் ரயருக்குக் கீழே ஒரு அலவாங்கைக் கொடுத்து மேலே நெம்ப வேண்டும். உள்ளே 'டொக்' என்று ஓர் அசைவு கையில் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்கு அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

அடுத்தது துரு. எங்கள் கடற்காற்றில் உப்பு அதிகம். குருநகர், நாவாந்துறைப் பக்கத்தில் நின்ற கார்களை நான் வாங்கச் சொல்லமாட்டேன். மைனருக்கு உடலே அடிச்சட்டம்; தனியான சட்டம் முழு நீளத்துக்கும் இல்லை. ஆகவே கதவின் கீழுள்ள பெட்டி போன்ற பகுதியும், பின் வில்லுத் தகடு மாட்டும் இடமும், முறுக்குக் கம்பியின் பின்முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் உக்கினால் காரே உக்கியதற்குச் சமம். புதுப் பூச்சுக்கு மயங்க வேண்டாம். சாரதிக் கதவைத் திறந்து அதன் முனையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள், மூடும்போது பூட்டுக்கு நேரே வருகிறதா, இறங்கி இடிக்கிறதா என்று கவனியுங்கள். பிணைச்சலில் ஆட்டம் இல்லாமல் கதவு இறங்கியிருந்தால் கீழ்ப்பகுதி வளைந்துவிட்டது என்று பொருள். ஒரு சிறிய சுத்தியலின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு மணி போலவும், பூசி மறைத்த தகடு பூசணிக்காய் போலவும் ஒலிக்கும்.

மின்சார வேலைகளில் ஒரு பொறி இருக்கிறது. இன்றைய வாகனங்களுக்கெல்லாம் பற்றரியின் எதிர்முனை உடலோடு இணைந்திருக்கும். மைனருக்கு நேர்முனை இணைந்திருக்கும். தெரியாத ஒருவர் பற்றரியை மாற்றினால் பழக்கத்தில் மாறிப் பூட்டிவிடுவார். 2004இல் என் மகன் ஆசையோடு வாங்கிவந்த பாட்டுப் பெட்டி முதல் நிமிடத்திலேயே புகைந்து அணைந்தது. அதற்குப் பின் இந்தக் காரில் பாட்டு இல்லை. எரிபொருளை இழுப்பது ஒரு சிறிய மின்பம்பு. திறப்பைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் நிற்கும். நிற்காமல் அடித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை அல்லது எங்கோ கசிகிறது. அடிக்கவே இல்லையென்றால் உள்ளே உள்ள தொடுமுனை ஒட்டிக்கொண்டிருக்கும், ஸ்பனரின் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் போதும். திரும்பும் திசையைக் காட்ட, கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் நிறக் கை ஒன்று வெளியே நீளும். அழகானது, ஆனால் பின்னால் வரும் முச்சக்கர வண்டிக்காரருக்கு அது என்னவென்று தெரியாது. ஆகவே ஒளிரும் விளக்குகளையும் பொருத்தியிருக்கிறேன்.

உதிரிப்பாகங்களில் இந்தக் காரை வெல்ல எழுபது வயதுக் கார் வேறு இருக்குமா என்பது ஐயம். பிரித்தானியாவில் மைனருக்கென்றே கடைகள் இருக்கின்றன. ரப்பர் வளையம் முதல் முழு மட்காட் வரை அஞ்சலில் வரும். நம் நாட்டின் தென்பகுதியிலேயே ஒரு காலத்தில் மைனரின் தகடுகளைச் செய்து பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். தடைக் காலத்தில் எங்களுக்கு அதெல்லாம் எட்டாத தூரம். வில்லுத் தகட்டின் புஷ்களைப் பழைய லொறி ரயரிலிருந்து வெட்டினோம்; தண்ணீர்ப் பம்பின் தண்டை லேத் பட்டறையில் கடைந்தோம்; தலைக் கஸ்கற்றின் செம்புத் தகட்டைக் காய்ச்சி ஆறவிட்டு மறுபடி போட்டோம். அப்போது கடைந்த அந்தத் தண்டு இன்றும் சுழல்கிறது. கடையில் வாங்கிய புதிய பொருளில்தான் ஒரு தடவை ஏமாந்தேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில், பெட்டியும் முத்திரையும் அச்சொட்டாக இருந்த முன்பிறேக் சிலிண்டர்கள் நான்கை வாங்கிவந்து பூட்டினேன். மூன்று மாதத்தில் உள்ளே இருந்த ரப்பர் பிறேக் திரவத்தில் ஊதிப் பெருத்து இறுகிவிட்டது. கொண்டுபோய்க் காட்டியபோது, திரவம் பிழை என்று கடைக்காரர் சொன்னார். அதே திரவம் பின்சில்லின் பழைய சிலிண்டர்களில் எந்தக் குறையும் செய்யவில்லை என்பதை அவர் கேட்க விரும்பவில்லை. அன்றிலிருந்து பிறேக்குக்குரிய எதையும், எத்தனை மாதம் காத்திருக்க நேர்ந்தாலும், மைனர் பாகங்களையே விற்கும் வெளிநாட்டுக் கடையிலிருந்துதான் எடுப்பிக்கிறேன்.

நீண்ட பயணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு 2003ஆம் ஆண்டைச் சொல்வேன். போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி 2002இல் திறந்த பின்னர், அடுத்த வருடம் மனைவியோடு கொழும்புக்கு ஓட்டிப் போனேன். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். முகமாலையிலும் ஓமந்தையிலும் சோதனைக்கு நின்ற நேரம் நீங்கலாகப் பதினொரு மணித்தியாலம் எடுத்தது. மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் போகவில்லை, அந்த வேகத்தில் 948 இயந்திரம் நாள் முழுவதும் முணுமுணுக்காமல் ஓடியது. குருநாகலில் தேநீர்க் கடை வாசலில் நிறுத்தியபோது, ஒரு சிங்கள முதியவர் வந்து பொனற்றைத் தொட்டுப் பார்த்து, தன்னிடமும் ஒன்று இருந்தது என்று கையால் காட்டினார். எனக்குச் சிங்களம் போதாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பொனற்றைத் திறந்து காட்டினேன். அரை மணி நேரம் அதற்குள் தலையை விட்டபடி இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

எரிபொருள் செலவு குறைவு என்று சொல்ல முடியாவிட்டாலும் நியாயமானது. என் கொப்பிக் கணக்கின்படி கலனுக்கு 36 மைல், அதாவது லீற்றருக்குப் பன்னிரண்டரை கிலோமீற்றருக்குச் சற்று மேல். 2022இல் நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்று, கியூஆர் முறையில் காருக்கு வாரம் இருபது லீற்றர் என்று பங்கிட்டபோது, எங்கள் வீட்டுக்கு அது தாராளமாகப் போதுமாக இருந்தது. வரிசையில் நின்ற புதிய கார்க்காரர்கள் சிலர் மண்ணெண்ணெய் விடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். கணினி கட்டுப்படுத்தும் இயந்திரத்தில் அப்படிச் செய்ய நினைக்கவும் வேண்டாம் என்று சொன்னேன். ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்ட பின்னர் வால்வு இருக்கைகள் தேயும் என்று பயமுறுத்தினார்கள். தொடர்ந்து வேகமாக ஓட்டுபவர்களுக்கு அது உண்மை; என் வேகத்தில் பெரிய தேய்மானம் தெரியவில்லை. எப்படியும் தலையைத் திறந்த ஒரு சந்தர்ப்பத்தில் கடினமான உருக்கு வளையங்களைப் போடுவித்துவிட்டேன்.

யார் வாங்கலாம்? தினமும் வேலைக்குப் போய்வர ஒரே வாகனமாக இதை நம்ப நினைப்பவருக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். சின்னப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கும் அதே விடை. பாதுகாப்புப் பட்டியும் காற்றுப் பையும் இல்லாத, ஒரு சுற்றுப் பிறேக்கை நம்பிய காரில் இன்றைய கண்டி வீதிப் போக்குவரத்துக்குள் பேரப்பிள்ளைகளை நானே ஏற்றுவதில்லை. கோயில் வரைக்கும், ஒழுங்கை வழியாக மட்டும். கண்காட்சிக்கு நிறுத்திப் படம் எடுக்க வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கார்கள் என்னுடையதிலும் பார்க்க நூறு மடங்கு பளபளக்கின்றன. ஆனால் ஓடாமல் நிற்கும் மைனரில் ரப்பரெல்லாம் காய்ந்து வெடிக்கும், பிறேக் சிலிண்டர்கள் இறுகும், தாங்கிக்குள் துரு படியும். வாரத்தில் ஒரு நாளாவது ஓட்ட முடியாதவர் பணத்தை வேறு எதிலாவது போடலாம். சனிக்கிழமைக் காலையில் இரண்டு மணித்தியாலம் செலவிட்டுக் கையில் கிறீஸ் பட அலுப்பில்லாதவராகவும், அயலில் காபுரேற்றர் தெரிந்த ஒரு மெக்கானிக் உயிரோடு இருப்பவராகவும் இருந்தால், தயங்காமல் வாங்கலாம். அந்த இரண்டாவது நிபந்தனைதான் வர வரக் கடினமாகிறது. எனக்குக் கிறீஸ் பாடம் சொன்னவர் காலமாகிப் பத்து வருடமாகிறது. அவருடைய பட்டறையில் இப்போது இருக்கும் மகன் கணினி மாட்டித்தான் பிழை தேடுகிறார். என் காரில் கணினியை மாட்டுவதற்கு ஓர் இடம் இல்லை. ஆனாலும் தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் பொயின்ற் என்ற தொடுமுனையின் இடைவெளியை வைக்க அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். சிகரெட் பெட்டி அட்டையை மடித்து அளவு பார்க்கும் அவருடைய தகப்பனின் முறையை நான் அவருக்குச் சொன்னபோது, தகப்பன் தனக்கு அதைச் சொல்லவே இல்லை என்றார்.

தெரிவு இருந்தால் 1098 இயந்திரமும் எட்டு அங்குலப் பிறேக்கும் கொண்ட, 1962இற்குப் பிந்திய மைனரைத் தேடுங்கள். பார்வைக்கு என்னுடையதன் பிரிந்த கண்ணாடி அழகு. நிறுத்துவதற்கு அவர்களுடையது நல்லது. வாகன இறக்குமதி 2020 முதல் தடைப்பட்டிருந்த வருடங்களில் பழைய கார்களின் விலையும் கூடவே ஏறியது. 2025இல் இறக்குமதி திறந்த பின்னரும் மைனர்க்காரர்கள் விலையை இறக்கியதாக நான் காணவில்லை. என்னிடம் விலை கேட்டு வருபவர்களுக்கு நான் தேநீர் கொடுத்து அனுப்புவது வழக்கம்.

இதை எழுதும் நேரத்தில் கார் முற்றத்தில் முன்பக்கம் தூக்கிப் பனங்குற்றிகளின் மேல் நிற்கிறது. போன ஞாயிறு கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தபோது திரவம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. வலது முன்சில்லின் மேல் சிலிண்டர் கசிகிறது. பொதி பிரித்தானியாவிலிருந்து புறப்பட்டுவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது. அது வரும்வரை கோயிலுக்குச் சைக்கிளில் போய்வருகிறேன்.